மகளுக்கு மெயின்டெனன்ஸ் புராஜெக்ட் கிடைத்திருக்கிறது: ஒரு தந்தையின் கவலைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளுக்கு முதல் வேலையிலேயே, அவர் பிறப்பதற்கு முன்பு கோபோல் என்ற கணினி மொழியில் எழுதப்பட்ட நிரல்களைப் பராமரிக்கும் பணி தரப்பட்டிருப்பதையும், உடன் படித்தவர்கள் புதிய தொழில்நுட்பங்களில் இறங்கியிருக்க அவர் மட்டும் பின்தங்கிவிடுவாரோ என்ற அச்சத்தையும் எழுதியிருந்தீர்கள். இந்த வேலையை மொழியின் வயதைக் கொண்டு எடைபோட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். அந்தக் குழு பழைய நிரலைச் சிறிது சிறிதாகப் புதுப்பிக்கிறதா, அல்லது ஒட்டுப்போட்டு நாளைக் கடத்துகிறதா என்பதில்தான் அவருடைய எதிர்காலம் இருக்கிறது.

கோபோல் 1959இல் வடிவமைக்கத் தொடங்கப்பட்ட மொழி. வங்கி, காப்பீடு, அரசு நிர்வாகம் ஆகியவற்றில் அது இன்றும் இயங்குகிறது. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோரின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். இத்தகைய நிரல்களை எளிதில் தூக்கி எறிய முடியாததற்குக் காரணம், பல ஆண்டுகளாகச் சேர்ந்த விதிகளும் விதிவிலக்குகளும் பெரும்பாலும் வேறெங்கும் எழுதப்படாமல் அவற்றுக்குள்ளேயே பொதிந்திருப்பதுதான். ஒரேயடியாக மாற்றுவதன் ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியபோது லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாமல் தவித்தனர்; 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தன.

ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் படிப்படியான மாற்றத்தை விரும்புகிறார்கள். பனைமரத்தில் விழுந்த ஆலவிதை முளைத்து, வேர்விட்டு, மெல்ல மெல்ல அந்த மரத்தையே சூழ்ந்துகொள்வதைப் போல, பழைய அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் ஒவ்வொரு பகுதியின் வேலையையும் புதிய நிரல் ஏற்றுக்கொள்ளும். இதற்கு முதற்படி, பழைய நிரல் இப்போது என்ன விடை தருகிறதோ அதை அப்படியே பதிவுசெய்யும் சோதனைகளை எழுதுவது. பிழையாகத் தோன்றும் விடையையும் பதிவுசெய்தாக வேண்டும். வேறொரு நிரல் அதையே நம்பி இயங்கிக்கொண்டிருக்கலாம். அதன்பின் ஒரு சிறு பகுதியைப் புதிதாக எழுதி, ஒரே உள்ளீட்டைப் பழையதற்கும் புதியதற்கும் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டு, வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் கண்ட பிறகே பழைய பகுதியை நிறுத்த வேண்டும்.

இந்த ஒப்பீட்டில்தான் உண்மையான கல்வி இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. எடுத்துக்காட்டாக, கோபோலில் பணத்தொகைகள் வழக்கமாகப் பதின்மக் கணக்கிலேயே, அதாவது நாம் எழுதும் பத்தின் அடிப்படையிலான எண்முறையிலேயே, வைக்கப்படுகின்றன. அதையே வேறொரு மொழியின் இரும மிதவைப்புள்ளி எண்ணாக (0, 1 என்ற இலக்கங்களைக் கொண்டு தசம எண்களைத் தோராயமாகக் குறிக்கும் முறை) மாற்றினால் 0.1 என்ற எளிய எண்ணைக்கூடத் துல்லியமாகச் சேமிக்க முடியாது, வட்டிக் கணக்கின் கடைசி இலக்கம் பிசகக்கூடும். அந்தப் பிசகைத் தேடிப் பிடிக்கும் இளைஞர் கணினியின் எண்முறையையும், பின்னத்தை அருகிலுள்ள எண்ணுக்கு முழுமையாக்கும் விதியையும், வங்கித் தொழிலையும் ஒருசேரக் கற்கிறார். அந்த அறிவு மொழி மாறினாலும் பயன்படும்.

ஆனால் உங்கள் அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். முதல் சில மாதங்களில் உங்கள் மகள் தம் குழுவில் சிலவற்றைக் கேட்டறியட்டும்: நிரல் மாற்றங்கள் கிட் (Git) போன்ற மாற்றப் பதிவு மென்பொருள் ஒன்றில் வரலாற்றோடு காக்கப்படுகின்றனவா, தானியங்கிச் சோதனைகள் உண்டா அல்லது எழுத அனுமதியாவது உண்டா, எந்தப் பகுதியை முதலில் மாற்றுவது என்ற திட்டம் இருக்கிறதா, நிரலின் காரணகாரியம் தெரிந்த மூத்தவர் அருகில் இருக்கிறாரா. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு "இல்லை" என்பதே விடையாகி, இரவில் வரும் பழுதுகளைச் சரிசெய்வது மட்டுமே வேலையாக இருந்தால், ஓரிரு ஆண்டுகளில் வேறு குழுவுக்கோ நிறுவனத்துக்கோ மாறிவிடுவது நல்லது.

இதற்கிடையில் அவர் ஜாவா அல்லது பைத்தான் என்ற நிரல் மொழி, அதனுடன் தரவுத்தளங்களிலிருந்து தகவல் எடுக்கப் பயன்படும் எஸ்க்யூஎல் (SQL) ஆகியவற்றில் கைப்பழக்கத்தைத் தொடரட்டும். தாம் படித்துப் புரிந்துகொண்ட ஒவ்வொரு விதியையும் எழுதி, குழுவின் பொது ஆவணத்தில் சேர்க்கட்டும். அடுத்த நேர்காணலுக்கான சுயவிவரத்தில் "பராமரிப்புப் பணி" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல், எந்தப் பகுதியை, எந்த ஆபத்தைத் தவிர்த்து, எவ்வாறு சோதித்து மாற்றினார் என்பதை விவரமாக எழுதச் சொல்லுங்கள்.