கோட்டை விட்ட புள்ளி

கேள்வி: சார், தனி ஊசல் சோதனையில் 25, 50, 75, 100 செ.மீ. நீளங்களுக்கு 20 அலைவுகள் எண்ணினேன். கிடைத்த நேரம் 20.1, 28.4, 33.0, 40.1 வினாடி. நீளத்தையும் அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் வரைபடத்தில் குறித்தால், மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் வருகின்றன. 75-க்கு உரியது மட்டும் கீழே இறங்கி நிற்கிறது. அழித்துவிட்டுக் கோட்டின் மேல் வைத்துவிடச் சொல்கிறான் நண்பன். வைக்கலாமா?
- பிளஸ் ஒன் மாணவர், திண்டுக்கல்

பதில்: ரப்பரைக் கீழே வை, தம்பி. அந்தப் புள்ளி உன்னிடம் ஏதோ சொல்ல வருகிறது.

33.0-ஐ 20-ஆல் வகுக்காமல் 19-ஆல் வகுத்துப் பார். 1.737 வரும். அதன் வர்க்கம் 3.02. உன் கோடு 75 செ.மீ.யில் எங்கே போகிறது என்று பார். ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருப்பாய் என்பது என் சந்தேகம். அப்போது சொல்ல வேண்டியது 'பூஜ்யம்'. குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்து. அது போய்த் திரும்பி, அதே திசையில் மறுபடி நடுக்கோட்டைக் கடந்தால்தான் ஒன்று. ஆனால் 19 என்று நீயாகத் திருத்திவிடாதே. 75-ஐ மட்டும் மறுபடி செய். 34.8 வினாடியை ஒட்டி வந்தால் என் சந்தேகம் சரி. பழைய அளவை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, புதியதைப் பக்கத்தில் எழுது. விடையை முதலில் வைத்துக்கொண்டு அட்டவணையைப் பின்னால் நிரப்பும் கலையை நம் ஆய்வகங்களில் யாரும் கற்றுத் தர வேண்டியதே இல்லை. நீ அதில் சேராதே.

20 அலைவு எதற்கு என்றும் தெரிந்துகொள். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் சுமார் 0.2 வினாடி முன்பின் ஆகிவிடும். ஒரு மீட்டர் ஊசலின் ஓர் அலைவு 2 வினாடி. ஒன்றை மட்டும் அளந்தால் பத்து சதவீதம் பிழை. இருபதை அளந்தால் அதே 0.2 வினாடி 40 வினாடியில் கரைந்து அரை சதவீதமாகிறது.

அப்புறம், புள்ளிகளை வளைத்து நெளித்து இணைக்காதே. நடுவாகப் போகும் ஒரே நேர்கோடு போதும். சாய்வு எடுக்க அட்டவணையைப் பார்க்காமல், கோட்டின் மேலேயே நன்றாகத் தள்ளி இரண்டு இடங்களைத் தேர்ந்தெடு. நீளத்தை மீட்டரில் போட்டால் சாய்வு 4-ஐ ஒட்டி வரும், 39.5-ஐ (வாய்ப்பாட்டில் வரும் 4π²-இன் மதிப்பு) அந்தச் சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் சற்று மேலே வெட்டினால், நூலை மட்டும் அளந்து குண்டின் ஆரத்தை விட்டுவிட்டாய் என்று பொருள். வெர்னியர் அளவியால் குண்டின் விட்டத்தை அளந்து பாதியைச் சேர். வேடிக்கை என்னவென்றால், இதை மறந்தாலும் சாய்வு மாறாது. ஒரே ஒரு நீளத்தை அளந்து வாய்ப்பாட்டில் போடுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: என் மகனின் ஸ்கேலில் முனை உடைந்து பூஜ்யமே இல்லை. புதிது வாங்க வேண்டுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம்மா. 1-இல் தொடங்கி அளந்து, கடைசியில் ஒன்றைக் கழிக்கச் சொல்லுங்கள். கழிக்க மறக்காமல் இருந்தால் சரி.

கேள்வி: ஸ்கேலை வைத்தே ஒரு தாளின் தடிமனை அளக்க முடியுமா?
- ஏழாம் வகுப்பு மாணவி, ஓசூர்

பதில்: தாராளமாக. 500 தாள் கொண்ட ஜெராக்ஸ் கட்டைப் பிரித்து, மேலட்டையை விட்டுவிட்டு, நன்றாக அழுத்தி அளந்து பார். சுமார் 5 செ.மீ. இருக்கும். 500-ஆல் வகுத்தால் ஒரு தாள் 0.1 மி.மீ. நோட்டில் செய்வதானால் கவனம்: 200 பக்க நோட்டில் இருப்பது 100 தாள்தான்.