வேலையை விட்டுப் போனவர் கோப்புகளையும் கொண்டுபோனாரா? கேள்வி பதில்

டிஜிட்டல் தடயவியலில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். என்னிடம் அதிகம் வருவது, ராஜினாமா செய்தவர் நிறுவனத்தின் தகவலை எடுத்துக்கொண்டு போனாரா என்ற கேள்விதான். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

எங்கள் விற்பனை மேலாளர் விலகி, போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். அவர் லேப்டாப்பை எங்கள் ஐடி ஆள் திறந்து பார்க்கலாமா?

வேண்டாம், தயவுசெய்து தொடாதீர்கள். ஆன் செய்தாலே விண்டோஸ் பல இடங்களில் எழுதத் தொடங்கிவிடும். ஒரு கோப்பைத் திறந்தால், அதைத் திறந்தது விலகியவரா உங்கள் ஆளா என்ற குழப்பம் வரும். இன்னொரு ஆபத்து எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு டிரைவ். அழித்த கோப்பு இருந்த இடத்தை ‘ட்ரிம்’ என்ற ஏற்பாட்டின் மூலம் விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லிவிடும். மின்சாரம் இருக்கும் வரை டிரைவ் அந்த இடத்தைத் தன் போக்கில் துடைத்துக்கொண்டே இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் மீட்டதுபோல இதில் மீட்பது கடினம்.

அணைந்திருந்தால் அப்படியே உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். யார், எப்போது வாங்கி எங்கே வைத்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லாக்கரைத் திறக்க உதவும் ரெகவரி கீயைத் தேடி எடுத்து வையுங்கள். நான் பார்த்தவரை தடயம் அதிகம் அழிவது எடுத்தவர் கையால் அல்ல, புதிதாகச் சேருபவருக்குக் கொடுக்க அவசரமாக ஃபார்மேட் செய்வதால்தான்.

பென்டிரைவில் காப்பி செய்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

‘இந்தக் கோப்பு இந்தப் பென்டிரைவுக்குப் போனது’ என்று விண்டோஸ் வழக்கமாக எங்கும் எழுதி வைப்பதில்லை. சிதறிக் கிடப்பதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ‘யூஎஸ்பிஸ்டோர்’ என்ற பகுதியில், செருகிய டிரைவின் தயாரிப்பாளர், மாடல், பெரும்பாலும் சீரியல் எண்ணும் இருக்கும். முதன்முதலில் செருகிய நேரம் வேறொரு பதிவில் கிடைக்கும். எந்தெந்த ஃபோல்டரைத் திறந்தார் என்பதை ‘ஷெல்பேக்’ காட்டும். டிரைவைக் கழற்றிய பிறகும் அதிலிருந்த ஃபோல்டர் பெயர்கள் அங்கே நிற்கும்.

பலரும் காப்பி செய்து முடித்ததும், சரியாக வந்திருக்கிறதா என்று பென்டிரைவிலிருந்தே ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். உடனே ஷார்ட்கட் கோப்பு ஒன்று லேப்டாப்பில் தானாக உருவாகும். கோப்பின் பெயர், அளவு, அந்த டிரைவின் வால்யூம் சீரியல் எண் எல்லாம் அதில் பதிந்திருக்கும். எத்தனையோ விசாரணைகளில் எனக்கு வழி திறந்தது அந்த ஒரே க்ளிக்தான்.

பென்டிரைவே கையில் கிடைத்தால் இன்னும் நல்லது. காப்பி செய்த கோப்பில் திருத்திய தேதி பழையதாகவே இருக்கும், உருவான தேதி மட்டும் புதிதாக இருக்கும். இது இல்லாமல் ‘காப்பி செய்தார்’ என்று அறிக்கையில் எழுத எனக்குக் கை வராது. ‘செருகினார், திறந்தார்’ என்றுதான் எழுதுவேன்.

கூகுள் டிரைவில் ஏற்றியிருந்தால்?

பிரவுசர் வரலாறு இருக்கிறது. அதை அழித்திருந்தாலும், எந்த நிரல் எவ்வளவு தகவல் அனுப்பியது என்று விண்டோஸ் 8 முதல் ‘ஸ்ரம்’ என்ற பதிவில் சேர்கிறது. ஆனால் அது ஏறத்தாழ 30 முதல் 60 நாள் வரைதான் தங்கும். அலுவலக மின்னஞ்சலும் கோப்புகளும் இருக்கும் மைக்ரோசாஃப்ட் 365-இல், யார் என்ன செய்தார் என்ற சாதாரணத் தணிக்கைப் பதிவு 180 நாள் தங்கும். விலகியவர் கணக்கை நீக்கினால் அஞ்சல் பெட்டி வழக்கமாக 30 நாளில் போய்விடும். எனவே கணக்கை நீக்காதீர்கள், உள்நுழைவை மட்டும் தடுங்கள்.

அவருடைய சொந்த ஜிமெயில் லேப்டாப்பில் திறந்தபடியே இருக்கிறது. பார்க்கலாமா?

கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். உங்கள் வழக்கே பலவீனமாகிவிடும். வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற வழியில் போங்கள்.

மேடம், முழுவதும் துடைத்து விண்டோஸை மறுபடி போட்டுவிட்டால் எதுவும் கிடைக்காதா?

லேப்டாப்பில் கிடைப்பது குறையும். சர்வரில் பதிந்ததை அவரால் துடைக்க முடியாதே! வாடகைக் கார் நிறுவனமான ஊபர் மீது ஓட்டுநரில்லா கார் நிறுவனமான வேமோ 2017-இல் போட்ட வழக்கைப் பாருங்கள். பின்னர் ஊபரில் சேர்ந்த பொறியாளர் அந்தோனி லெவன்டோவ்ஸ்கி விலகுவதற்குச் சற்று முன் 14,000-க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கினார், பிறகு லேப்டாப்பைத் துடைத்தார் என்பது வேமோவின் குற்றச்சாட்டு. 2018-இல் அந்த வழக்கு சமரசமானது. தனியாக நடந்த குற்ற வழக்கில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2020-இல் 18 மாதச் சிறை விதித்தார்கள். 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபரின் மன்னிப்பு கிடைத்தது.

துடைத்த செயலே ஒரு தடயம்தான். விண்டோஸ் நிறுவிய தேதி விலகும் நாளோடு ஒட்டி நின்றால், ஏன் என்று கேட்கத்தான் செய்வார்கள்.

ஹாஷ் எதற்கு?

டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் வழியாக அப்படியே நகலெடுத்து, எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷை, அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிடுவோம். ஒரு பிட் மாறினாலும் எண் மாறிவிடும். நகல் அசலேதான் என்று அதை வைத்துக் காட்டலாம்.

நான் விலகப்போகிறேன். குடும்பப் படங்களைப் பென்டிரைவில் எடுத்தேன். என்மீது பழி வருமா? பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். என்ன எடுத்தீர்கள் என்று எச்ஆருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பென்டிரைவை ஃபார்மேட் செய்ய வேண்டாம், சுத்தம் செய்யும் மென்பொருள் எதையும் ஓட்ட வேண்டாம். உங்களுக்குச் சாதகமாக இருப்பதும் அதே தடயங்கள்தான். இப்படிச் சந்தேகப்பட்ட ஒருவரின் பென்டிரைவை நான் திறந்தபோது அதில் இருந்தவை குழந்தையின் பிறந்தநாள் படங்கள் மட்டுமே. அதை அப்படியே அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.