திண்ணையில் உட்கார்ந்து தைக்க சாஷிகோ: வாசகர் கேள்விகள்

ஒடுகத்தூர் பக்கம் கிராமத்தில் தோழி வீட்டில் நான்கு பேர் இரண்டு நாள் தங்கப் போகிறோம். சேர்ந்து செய்ய ஜப்பானியக் கைவேலை எது சரிப்படும்? (வாசகி, காட்பாடி)

சாஷிகோ. நாம் நூலோட்டுகிற அதே தையல்தான், கோலம் மட்டும் அவர்களுடையது. ஜப்பானின் குளிர்மிகுந்த வடகிழக்கில் பருத்தி சரியாக விளையாது. சணல் போன்ற நாரில் நெய்த துணியின் கண்களைப் பருத்தி நூலால் அடைத்துக் காற்றைத் தடுத்தார்கள். அப்படி வந்த வேலை இது. பேசிக்கொண்டே செய்யலாம், நடுவில் எழுந்து போனாலும் கெடாது.

ஆளுக்கு 35 செ.மீ. சதுரக் காடாத் துணி, அதே அளவில் பழைய வேட்டித் துண்டு (அடியில் வைக்க), கண் பெரிய நீள ஊசி, எம்பிராய்டரி நூல் போதும். காடாவைக் கிளம்புவதற்கு முன்பே வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, இஸ்திரி போட்டுவிடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் சலவையிலேயே துணி சுருங்கி, தையல் உப்பிக்கொண்டு நிற்கும். பிறகு தையல்காரர் சாக்கட்டியால் 1 செ.மீ. கட்டம் போடுங்கள்.

கோடு போடச் சோம்பலாக இருந்தால் சின்னக் கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கித் துணி வாங்குங்கள். நெய்த கட்டமே கோடாகிவிடும். அந்த நெசவு நெருக்கமானது என்பதால் ஆறு இழை நூலில் மூன்றை மட்டும் கோத்துக்கொள்ளுங்கள். ஆறையும் கோத்தால் ஊசி ஏறாமல் விரல்தான் புண்ணாகும். காடாவுக்கு நான்கைந்து இழை வரை போகலாம்.

தைத்து முடித்தால் துணி இழுத்துக்கொண்டு சுருங்கிவிடுகிறது. நூலை இறுக்கித்தானே இழுக்க வேண்டும்? (வாசகி, ஆற்காடு)

இறுக்கவே கூடாது. நூல் துணிமேல் படுத்திருக்க வேண்டும், துணியைக் கட்டிப்போடக் கூடாது.

ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, துணியை மேலும் கீழும் மடித்து மடித்து ஊசியில் ஏற்றுங்கள். நாலைந்து தையல் சேர்ந்தபின் மொத்தமாக நூலை இழுங்கள். தையல் நேராக வருவதற்குக் காரணமே இதுதான். மேல்பக்கம் 3 மி.மீ., அடிப்பக்கம் 2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு அரிசியளவு தையலும் அதைவிடக் கொஞ்சம் குறைந்த இடைவெளியும் கிடைக்கும். ஒரு வரிசை முடிந்ததும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தையலைப் பிடித்து, தொடங்கிய இடத்திலிருந்து ஊசி இருக்கும் பக்கமாக நீவிவிடுங்கள். சுருக்கம் அத்தனையும் விரலோடு ஓடிப்போகும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் இத்தோகோகி. உங்கள் துணியில் விட்டுப்போனது அநேகமாக இதுதான்.

வரிசை திரும்பும் மூலையில் அடிப்பக்கம் 2, 3 மி.மீ. நூலைச் சின்ன வளையமாகத் தளர்த்தி விடுங்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் நடுப்புள்ளியில் தையல் விழாமல் காலியாக விட்டால் அங்கே முண்டு தட்டாது. நூலைக் கை நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள். அத்தனை முறை துணிக்குள் போய்வந்தால் பஞ்சு பிரிந்து நைந்துவிடும்.

உடைந்த ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறது. உடைந்த பாத்திரத்தை ஒட்டி, ஒட்டின கோட்டில் பொன்தூள் தூவும் ஜப்பானியக் கின்ட்சுகி முறையில், இப்படி இரண்டு நாள் தங்கும் இடத்திலேயே ஒட்டிவிடலாமா? (வாசகர், கணியம்பாடி)

இரண்டு நாளில் ஆகாது. கோதுமை மாவும் உருஷி என்ற மரப்பாலும் பிசைந்து ஒட்டுவார்கள். அது இறுகவே ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அதன்பிறகு தேய்த்து, சிவப்பு உருஷி பூசி, ஈரம் காயும் முன் பொன்தூள் தூவ வேண்டும். உருஷி வெயிலில் காய்கிற பொருள் அல்ல. காற்றில் ஈரப்பதம் 70 முதல் 85 சதவீதம் இருந்தால்தான் இறுகும். நம் ஊர்ச் சித்திரை வறட்சியில் வெளியே வைத்தால் பிசுபிசுவென்று அப்படியே கிடக்கும். மூடிய பெட்டிக்குள் ஈரத்துணியோடு வைப்பதுதான் வழி.

இன்னொன்று, இது சேங்கொட்டை, மா, முந்திரி குடும்பத்து மரம். பச்சைப் பால் தோலில் பட்டால் சேங்கொட்டைப் பால் பட்டதுபோலவே கொப்புளிக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். எபாக்ஸி பசையும் பொன்நிறத் தூளும் வைத்து ஒட்டினால் அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். அதில் மறுபடி ஊறுகாய் போடாதீர்கள்.

ஒடுகத்தூர் பக்கம் போய்த் திரும்பி வரும்போது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைத் துணியில் கட்டிக்கொண்டு வர, ஃபுரோஷிகி என்ற ஜப்பானிய மூட்டைத் துணியின் முடிச்சு உதவுமா? (வாசகி, பள்ளிகொண்டா)

நன்றாக உதவும். இரண்டு கிலோவுக்கு 90 செ.மீ. சதுரம் வேண்டும். காயை நடுவில் குவித்து, வலப்பக்கத்து இரண்டு மூலைகளை ஒரு முடிச்சு, இடப்பக்கத்து இரண்டை ஒரு முடிச்சு. ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்து இழுத்தால் கைப்பிடி தயார்.

முடிச்சு அவிழ்ந்து போகிறதென்றால் இரண்டாவது சுற்றைத் தப்பாகப் போடுகிறீர்கள். முதல் சுற்றில் எந்த முனை மேலே போனதோ, இரண்டாம் சுற்றிலும் அதே முனைதான் மேலே போக வேண்டும். சரியாக விழுந்தால் இரண்டு முனையும் பக்கவாட்டில் படுத்திருக்கும். நட்டுக்கொண்டு நின்றால் அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள், பாரம் ஏறினதும் அது நழுவிவிடும். வீட்டுக்கு வந்து அவிழ்க்க நகத்தால் நோண்ட வேண்டாம். ஒரு முனையையும் அதே மூலையின் அடிப்பகுதியையும் பிடித்து எதிரெதிராக இழுத்து நேராக்கினால் மற்ற முனை தானாகக் கழன்று வரும்.