பால்வாடியா, எல்.கே.ஜி.யா? பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளி சேர்க்கை நெருங்கும்போது வரும் கேள்விகளில் பாதி, 2 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியவை. அங்கன்வாடி மேற்பார்வையாளராகப் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றியவள் என்பதால், இவற்றுக்குப் பதில் சொல்வதில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

சொந்த வீடு இருக்கிறது, வருமானமும் சுமாராக வருகிறது. அங்கன்வாடி ஏழைக் குழந்தைகளுக்குத்தானே? எங்கள் மகளைச் சேர்த்துக்கொள்வார்களா? (ஓசூர்)

கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். வறுமைக்கோட்டை வைத்து அங்கன்வாடியில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லிவிட்டது. 6 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் திட்டம் போய்ச் சேர வேண்டும் என்று 2006 டிசம்பரில் மறுபடியும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 2 வயது நிறைந்தால் முன்பருவக் கல்விக்கு அனுப்பலாம். கட்டணம் கிடையாது. பிறப்புச் சான்றிதழையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். "இடமில்லை" என்று வாய்ப்பேச்சில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

மூன்றரை வயது மகன் ஒரு வருடமாக அங்கன்வாடிக்குப் போகிறான். 'அ' எழுத வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் ஏ, பி, சி எழுதுகிறான். மாற்றிவிடலாமா? (விருத்தாசலம்)

எழுதவில்லை என்பதற்காக மாற்றாதீர்கள். மூன்றரை வயதில் விரல்கள் பென்சிலுக்குத் தயாராக இருக்காது. ஒரு மையத்தில் நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு சிறுமி முறத்தில் கொட்டியிருந்த புளியங்கொட்டையையும் மொச்சையையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பொறுக்கி, இரண்டு கொட்டாங்குச்சியில் தனித்தனியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நாக்கு லேசாக வெளியே துருத்திக்கொண்டிருந்தது, அவ்வளவு கவனம். பிரிப்பது, எண்ணுவது, நாளைக்குப் பென்சில் பிடிப்பது எல்லாம் அந்த ஒரு முறத்தில் நடந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் இந்த எண்ணத்தில் உருவானதுதான்: பாட்டு, கதை, விளையாட்டு வழியாகக் கற்பது.

ஆனால் பாடத்திட்டம் நன்றாக இருப்பதாலேயே உங்கள் மையமும் நன்றாக நடக்கிறது என்று ஆகிவிடாது. ஒரு மையத்தில் விளையாட்டுப் பொருட்கள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. கேட்டால், "குழந்தைங்க உடைச்சிட்டா நாங்கதானே பதில் சொல்லணும்" என்றார் பணியாளர். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடை போடுவது, பதிவேடு, செல்போனில் விவரம் ஏற்றுவது, வீடு வீடாகப் போவது எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். இருந்தாலும் பெட்டி பூட்டியிருந்தால் நஷ்டம் குழந்தைக்குத்தான். எனவே ஒருநாள் காலை 11 மணி வாக்கில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பொருட்கள் தரையில் பரவிக் கிடக்கின்றனவா? டீச்சர் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறாரா? மாலையில் மகன் புதுப் பாட்டு ஏதாவது பாடுகிறானா? இதற்கெல்லாம் 'ஆமாம்' என்றால் நிம்மதியாக விடுங்கள்.

அரசிலேயே எல்.கே.ஜி. இருக்கிறதாமே? (திருவண்ணாமலை)

இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022-ல் நிறுத்தப்போவதாகச் செய்தி வந்ததும் பெற்றோர் தரப்பிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவித்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றிலும் இந்த வகுப்புகள் உண்டு. பக்கத்து நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டம்) இடத்தில் தனியார் பள்ளியில் சேர்த்தால் பன்னிரண்டாம் வகுப்பு வரை செலவே இல்லையா? (மதுரை)

இல்லை. இதைத் தெரியாமல் பின்னால் தவிக்கும் குடும்பங்கள் நிறைய. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாக ஒதுக்க வேண்டும். பள்ளியில் எல்.கே.ஜி. இருந்தால் அங்கிருந்தே இது தொடங்கும். ஆனால் 8-ஆம் வகுப்போடு முடிந்துவிடும். 9-ஆம் வகுப்பில் அந்தப் பள்ளிக் கட்டணத்தை உங்களால் கட்ட முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள். வேன், புத்தகம், சீருடை என்று என்னென்ன கேட்பார்கள் என்பதையும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால் நலிவடைந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று 3 வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல். நன்கொடை வாங்குவதும், குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதும் சட்டப்படி குற்றம். 2025-26-ல் மத்திய நிதி வராததால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்துக்கொண்டு போனது. ஆகவே இதை மட்டுமே நம்பி, குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அதுவரை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள்.

எங்கள் காம்பவுண்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம் குடியிருக்கிறது. குழந்தைக்கு ஆதார் இல்லை, இந்த ஊர் ரேஷன் கார்டும் இல்லை. அங்கன்வாடியில் சேர்ப்பார்களா? (திருப்பூர்)

கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு என்பது 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. எந்த மாநிலத்துக் குழந்தையானாலும் சரி. குழந்தையின் ஆதார் கட்டாயமில்லை, தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம். மொழி தெரியாமல் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். முதல் நாள் நீங்கள் கூடப் போங்கள்.

பேரனுக்கு 3 வயது முடிந்துவிட்டது. இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிறார்கள். (தென்காசி)

அம்மா, அந்தப் பேச்சைக் கேட்டு இனி ஒரு மாதம்கூட வீணாக்க வேண்டாம். 2 வயதிலேயே "அம்மா வா", "பால் வேணும்" என்று சேர்த்துச் சொல்ல வர வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று சோதியுங்கள். பள்ளிச் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு வருடத்துக்கு 2 முறை அங்கன்வாடிக்கு வரும். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள தொடக்க நிலை இடையீட்டுச் சேவை மையத்தை (வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் பிரிவு) கேட்டுப் போங்கள், சிகிச்சை இலவசம். அங்கன்வாடியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மற்றக் குழந்தைகள் பேச்சு அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கைக்குழந்தையை எங்கே விடுவது? (ஸ்ரீபெரும்புதூர்)

உங்கள் நிறுவனத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்த விதிப்படி குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. தனியாகக் கேட்கத் தயங்கினால், அதே தேவை உள்ள நாலு பெண்கள் கையெழுத்துப் போட்டு மனிதவளப் பிரிவில் கொடுங்கள். ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.