கையில் ஒரு வேலையோடு போங்கள்

அன்புள்ள அக்கா,

கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாகக் கதை எழுதுகிறேன். இரண்டு கதைகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவற்றைப் படித்த ஒரு நண்பர், "எல்லாமே ஒரு வீடு, ஒரு ஆபீஸ், நாலு பேர். பயணம் போகாதவரைக்கும் உங்கள் எழுத்து இதைத் தாண்டாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எழுத உட்காரவே முடியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் நான் போன இடங்கள் ஈரோடு, குலதெய்வம் கோயில், ஒருமுறை ஊட்டி. தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள், சண்டை போட்டுக்கொண்டு போகவும் எனக்குத் தெம்பில்லை. உங்களுக்குப் பயணம் என்ன கொடுத்தது? பயணம் போகாதவள் எழுத்தாளராக வளரவே முடியாதா?

இன்னொன்று. அடுத்த மாதம் அம்மா ஒரு குழுவோடு காசிக்குப் போகிறார். துணைக்கு நான் போய்வர வீட்டில் சம்மதித்திருக்கிறார்கள். ஆனால் சமையல்காரர் சகிதம் கூட்டமாகப் போய் வருவதெல்லாம் ஒரு எழுத்தாளருக்கான பயணம் ஆகுமா என்று தயக்கமாக இருக்கிறது. போனால் எதைக் கவனிக்க வேண்டும், எப்படிக் குறிப்பெடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

கே., கரூர்

அன்புள்ள கே.,

காசிக்குக் கட்டாயம் போங்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், முதலில் டிக்கெட்டுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு கதைகளையும் படித்தேன். உங்கள் நண்பர் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு வீட்டையும் நாலு பேரையும் வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுள் முழுக்க எழுதலாம், தமிழில் அப்படி எழுதியவர்கள் நிறைய பேர் உண்டு. நான் பார்த்த குறை வேறு. இரண்டாவது கதையில் வரும் மாமியார், கதை தொடங்குவதற்கு முன்பே உங்களுக்கு முழுக்கத் தெரிந்தவராக இருக்கிறார். அவர் என்ன சொல்வார், எதற்கு முகத்தைத் திருப்புவார், எல்லாம் உங்களிடம் தயாராக இருக்கிறது, அதனால் அவர் வாயைத் திறக்கும்போது வாசிக்கிற எனக்கும் புதிதாக எதுவும் கேட்பதில்லை. தினமும் பார்க்கும் மனிதர்களை நாம் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிடுகிறோம். பயணம் எனக்குக் கொடுத்தது என்ன என்று கேட்டிருந்தீர்கள். "இவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிற நிலைமையை அது கொடுத்தது. அந்த நிலைமையில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தால் வீட்டில் இருப்பவர்களைக்கூடக் கொஞ்ச காலத்துக்குத் தெரியாதவர்களாகப் பார்க்க முடிகிறது. கதை எழுத வேண்டியது அந்தச் சமயத்தில்தான்.

ஆனால் இது எல்லாப் பயணத்திலும் நடப்பதில்லை. கதை பிடிக்கலாம் என்று கிளம்பிப் போனால் பெரும்பாலும் வெறும் கையோடுதான் திரும்புவோம். எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊர் ஏற்கெனவே பத்துப் பேருக்குச் சொன்னதை நமக்கும் சொல்லும். ஒரு வேலையாகப் போனால், அந்த வேலை நம்மை ஒரு வீட்டுக்குள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தால், அங்கே நடப்பது வேறு. இதில் எனக்கு ரொம்ப உறுதியான அபிப்பிராயம் உண்டு.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் சகலின் தீவுக்குப் போனதை இதற்காகவே அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1890, அவருக்கு முப்பது வயது. பெயர் வந்தாகிவிட்டது, நெஞ்சில் நோயும் வந்தாகிவிட்டது. சைபீரியாவுக்குக் குறுக்கே ரயில் போடும் வேலை அப்போது தொடங்கவே இல்லை, ஏப்ரலில் கிளம்பியவர் குதிரை வண்டியிலும் ஆற்றுக் கப்பலிலுமாக ஜூலையில்தான் அந்தக் கைதிகளின் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். போனவர் தீவின் அழகைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. அங்கே இருந்த அச்சகத்தில் அட்டைகளை அச்சடித்துக்கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுக்கக் கிளம்பிவிட்டார். பெயர், வயது, எந்த ஊர், எந்த வருடம் இங்கே வந்தாய், படிக்கத் தெரியுமா, கல்யாணம் ஆனதா. குடிசை குடிசையாக ஏறி இறங்கி, தன் கையாலேயே கிட்டத்தட்ட 10,000 அட்டைகளை நிரப்பினார். கணக்கைவிட, கணக்கெடுக்கும்போது மனதில் பதிவதுதான் தனக்கு முக்கியம் என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், ஒரு கொலைக் கைதியிடம் போய் "உன் கதையைச் சொல்" என்றால் அவன் என்ன சொல்வான்? ஆனால் அட்டையை வைத்துக்கொண்டு "கல்யாணம் ஆனதா" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும், பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்துவது கஷ்டம்.

அதைவிட முக்கியமானது அப்புறம் நடந்தது. கப்பலில் ஹாங்காங், சிங்கப்பூர், இலங்கை வழியாகத் திரும்பினார். வழியில் கப்பலில் இறந்துபோனவர்களைத் துணியில் சுற்றிக் கடலில் போட்டதைப் பார்த்தார். நவம்பரில் கொழும்பில் இருந்தபோது 'கூசெவ்' என்ற கதையைத் தொடங்கினார், டிசம்பரில் அது அச்சிலேயே வந்துவிட்டது. ஒரு நோயாளிச் சிப்பாய் ஊர் திரும்பும் வழியில் கப்பலில் சாகிறான், அவ்வளவுதான் கதை. அதில் சகலின் இல்லை, கைதிகள் இல்லை. எதற்காக அத்தனை தூரம் போனாரோ அது தகவலாக, அறிக்கையாக ஒரு தனிப் புத்தகம் ஆயிற்று, அதற்குச் சில வருடங்கள் பிடித்தன. கதையாக முதலில் வந்தது, திரும்பி வரும் வழியில் அவர் எதிர்பார்க்காமல் கண்ணில் பட்டது.

எனக்கும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கிறது, சின்ன அளவில். அத்தை மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அத்தையோடு கோலார் தங்கவயலுக்குப் போனேன். அத்தை வாழ்க்கைப்பட்டது அங்கே. வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் போன நம் ஆட்கள் பல தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கிய ஊர் அது. பெங்களூருக்கே மின்சாரம் வராத காலத்தில், 1902ல், சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் போனது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. 2001 பிப்ரவரியில் மூடினார்கள். பங்காரப்பேட்டையில் வண்டி மாறி கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போனால் பக்கத்தில் சயனைடு மேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக. காற்று அடித்தால் அந்தத் தூசி கொடியில் காயும் துணியில் படிகிறது.

வேலைக்குப் போகிற வயதுக்காரர்கள் எல்லாரும் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ராத்திரிதான் திரும்புகிறார்கள். நாங்கள் போனது பகலில், அதனால் லைன் வீடுகளில் வயதானவர்கள் மட்டுமே இருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை, குங்குமச்சிமிழ். இப்படிப் போகிறவரை வாசலில் நிற்க வைத்து அனுப்ப முடியாது, உள்ளே கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். உட்கார வேண்டும், காபி குடிக்க வேண்டும், மாப்பிள்ளை என்ன வேலை, பெண் எந்த ஊர் என்று அவர்கள் நம்மைக் கேட்டு முடித்த பிறகு அவர்கள் வீட்டுக் கதை தானாக வரும். நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அத்தைக்குப் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் ஒரு பாட்டி எங்களுக்குக் காபி கொடுத்துவிட்டு, டம்ளர்களைக் கழுவி அலமாரியில் வைத்தார். விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தார். அடுக்கியிருந்த தட்டுகளுக்கு நடுவே மடித்த பழந்துணி இருந்தது. அத்தைதான் வெளியே வந்த பிறகு சொன்னார். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் தானாக வெடிக்கும், ராக் பர்ஸ்ட் என்பார்கள், அப்போது மேலே இருக்கும் வீடுகள் குலுங்கி அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் உருளும். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம், இறங்கியிருப்பவர் ஏறி வருகிறாரா என்று பார்க்க. சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாயிற்று, அந்தப் பாட்டியின் வீட்டுக்காரரும் இப்போது இல்லை. டம்ளரை உள்ளே தள்ளி வைப்பது மட்டும் நிற்கவில்லை.

தங்கவயலைப் பற்றி நான் இன்னும் ஒரு கதையும் எழுதவில்லை. என் தொகுப்பில் வேலூரில் நடக்கும் ஒரு கதை இருக்கிறது, லாரி ஓட்டுகிறவரின் மனைவி, அவர் வெளியூர் போயிருக்கும் நாட்களில் வீட்டில் எந்தச் சாமானையும் விளிம்பில் வைக்கமாட்டாள். ஏன் என்று கதையில் எங்கேயும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணை நான் பக்கத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், அவளை வைத்துப் பலமுறை எழுத முயன்று வராமல் விட்டும் இருக்கிறேன். அவள் பயம் எப்படி இருக்கும் என்பது எனக்குப் பிடிபட்டது தங்கவயலில் அந்த அலமாரிக்கு முன்னால்தான்.

ஆகவே ஊர்ப்பெயர்கள் கதையில் வருவதைப் பெரிதாக நினைக்காதீர்கள். போன ஊரைக் கதையில் கொண்டுவந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிற கதைகள் நிறைய வருகின்றன, அவற்றில் கோபுரமும் பனியும் தேநீர்க்கடையும் இருக்கும், ஒரு ஆளும் இருக்கமாட்டார்.

அடுத்தது வளர்ச்சி. பாரதி 1898ல் காசிக்குப் போனார், அப்பா இறந்த பிறகு அத்தை வீட்டில் தங்கிப் படிக்க. பதினாறு வயதுகூட நிரம்பாத பையன். நாலு வருடம் இருந்தார், இந்தி படித்தார், சமஸ்கிருதம் படித்தார். நாம் படத்தில் பார்க்கும் தலைப்பாகையும் மீசையும் அந்த வருடங்களில் வந்தவை என்றே அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். எட்டயபுரத்தில் இருந்திருந்தால் சுப்பையா அதே சுப்பையாவாகத்தான் இருந்திருப்பான், ஊரில் ஒவ்வொருவரும் அவனுக்கு அவனை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்திருப்பார்கள். நம்மைத் தெரியாத இடத்தில் நாம் வேறு ஆளாக இருந்து பார்க்கலாம். உங்களுக்கு நாலு வருடம் கிடைக்காது, கிடைக்கிற சில நாட்களிலும் அது கொஞ்சம் நடக்கும். கரூரில் நீங்கள் ஒருத்தரின் மருமகள், ஒரு பிள்ளையின் அம்மா, ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர். ரயில் ஜோலார்பேட்டையைத் தாண்டும்போது இதில் எதுவும் எதிர் சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது.

வீட்டில் விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இதற்கு "மனதாலேயே பயணம் போகலாம்" என்று நான் சமாதானம் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் எந்நேரமும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகக்கூடியவர்கள். ஒரு பெண் தனியாக ரயில் ஏற வீட்டில் அனுமதி கேட்க வேண்டியிருப்பது அநியாயம், அது உங்கள் எழுத்திலிருந்து எதையோ நிஜமாகவே பறித்துக்கொண்டிருக்கிறது. எனக்கும் கல்யாணம், சாவு, பிரசவம் என்ற காரணங்கள் இல்லாமல் வெளியே போக ரொம்ப வருடம் முடியாமல் இருந்தது. அந்த வருடங்களில் அந்தக் காரணங்கள் ஒன்றையும் நான் தவறவிடவில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்க ஆள் வேண்டும் என்றால் நான்தான் முதலில் பையை எடுப்பேன். ஒரு அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில், தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பெண்கள் ராத்திரி இரண்டு மணிக்குப் பேசுவதைக் கேட்டால், நான் சொல்ல வருவது உங்களுக்குப் புரியும்.

சரி, காசி. குழுவாகப் போவது பயணமா என்று கேட்கிறீர்கள். உங்களோடு வரப்போகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய பெண்களாக இருப்பார்கள். அவர்களில் பலருக்கு, கல்யாணமான நாள் முதல் யாரோ சமைத்துத் தன் இலையில் போடுவதைத் தொடர்ச்சியாகச் சில நாட்கள் பார்ப்பது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். சமையல் இல்லை, பேரன் இல்லை, மருமகள் இல்லை. அவர்கள் அந்த ரயிலில் பேசுவதை வேறு எங்கேயும் பேசமாட்டார்கள். நீங்கள் அம்மாவுக்குத் துணையாகப் போகிறவர், அதுதான் உங்கள் கையில் இருக்கும் வேலை. மாத்திரை கொடுக்க வேண்டும், படித்துறையில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டாம் நாளிலிருந்து நாலைந்து அம்மாக்கள் உங்கள் கையைப் பிடிப்பார்கள். ஒரு எழுத்தாளருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பார்க்க வேண்டிய இடம் என்று பெரிதாகப் பட்டியல் வேண்டாம், குழுவே கூட்டிக்கொண்டு போகும். அனுமான் காட், கேதார் காட் என்ற படித்துறைகள் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பகுதி, தமிழ் பேசும் கடைக்காரர்களைப் பார்க்கலாம், பாரதி இருந்ததும் அங்கேதான். அனுமான் காட் பக்கத்திலேயே அரிச்சந்திரா காட், சிதை எரிந்துகொண்டே இருக்கும். பயப்படாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள், போட்டோ எடுக்காதீர்கள். கயாவுக்கும் போவீர்கள் என்றால், அங்கே பிடித்த ஒரு காயையும் பழத்தையும் விட்டுவிட்டு வருகிற வழக்கம் உண்டு. அம்மா எதை விடுகிறார் என்று கவனியுங்கள். அதை ஏன் விடுகிறார் என்றும் கேளுங்கள். உங்கள் அம்மாவுக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று உங்களுக்கு இப்போதே தெரியும் என்று நினைப்பீர்கள், எனக்கு அதில் சந்தேகம் இருக்கிறது.

குறிப்பெடுப்பது பற்றி. நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு காட்சிகளை வர்ணித்து எழுதாதீர்கள், எழுதுகிற நேரத்தில் முன்னால் நடப்பது போய்விடும். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், தினமும் ராத்திரி அன்றைய செலவுக் கணக்கை எழுதுங்கள். படகுக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு, பக்கத்து சீட்டு அம்மாவுக்குக் கைமாற்றாகக் கொடுத்தது எவ்வளவு, அவர் திருப்பிக் கொடுத்தாரா. தொகைக்குப் பக்கத்தில் யாருக்கு, எங்கே, எதற்கு என்று ஒரு வரி. வாங்கியவர் ஏதாவது சொல்லியிருந்தால் அதை அவர் சொன்னபடியே, திருத்தாமல். வீட்டில் யாராவது எடுத்துப் பார்த்தாலும் அது கணக்கு நோட்டாகத்தான் இருக்கும். திரும்பி வந்து உடனே எழுத உட்காராதீர்கள். மாமியார் கதையை மட்டும் வெளியே எடுத்து, அவர் வாயைத் திறக்கும் இடங்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா