டிராகன் தலையைப் பாக்காதீங்க, ஓட்டையைப் பாருங்க: மலிவு மர பைப் கேள்வி பதில்

ஆன்லைன்ல வர்ற, புகையிலை பிடிக்கிற செதுக்கு வேலை மர பைப் பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு கேள்வி குவிஞ்சிடுச்சு, ஒரே மாதிரி வந்ததை சேத்துட்டேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், புகையை உள்ள இழுக்காம வாய்லயே வெச்சு விட்டாலும் வாய்ப் புத்துநோய்க்கு பைப் ஒண்ணும் விதிவிலக்கு இல்ல.

கேள்வி: அண்ணே, உக்ரைன்ல இருந்து கழுகுத் தலை, மண்டையோடு எல்லாம் செதுக்கி பேரிக்காய் மரம்னு விக்கிறான். பிரையர் விலைல பாதி கூட இல்ல. ஏமாத்தா?

பதில்: ஏமாத்து இல்ல தம்பி, அங்க பேரி மரத்துல பைப் செய்யறது நெசமாவே நடக்குற தொழில். இழை நெருக்கமா இருக்கறதால உளிக்கு சொன்னபடி கேக்கும், இறகு, பல்லு எல்லாம் தெளிவா வரும். பிரையர்ங்கறது வேற, மத்தியதரைக்கடல் ஓரமா வளர்ற எரிகா அர்போரியான்னு ஒரு புதர், அதோட வேருக்கும் தண்டுக்கும் நடுவுல திரண்டு நிக்கிற கட்டியை வெட்டி மணிக்கணக்கா கொதிக்க வெச்சு அப்புறம் மாசக்கணக்குல காய விடுவாங்க, அதான் அந்த விலை, அதான் அந்த சூடு தாங்குற தெம்பு. பேரி அவ்வளவு தாங்காது, அவசரமா இழுத்தா புகையிலை போடற கிண்ணத்தோட உள்சுவர் கருகி குழி விழுந்துடும். அதனால அதுல சுவர் கனமா இருக்கணும், ஆனா செதுக்கறவன் அந்த சுவரைத்தான் தோண்டறான்! கழுகோட கண்ணுக்குழி எவ்வளவு ஆழம்னு பாத்துட்டு அதுக்குப் பின்னாடி மரம் எவ்வளவு மிச்சம் இருக்கும்னு யோசிங்க.

கேள்வி: சார், போட்டோவ மட்டும் வெச்சு எப்படி முடிவு பண்றது?

பதில்: மேல இருந்து நேரா எடுத்த போட்டோ இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா கேளுங்க, கேட்டும் அனுப்பலன்னா விட்டுடுங்க. கிண்ணத்தோட குழி நடுவுல இருக்கணும், சுவர் சுத்தி ஒரே கனமா 6, 7 மில்லிமீட்டராவது வேணும். அடுத்தது காத்து போற துளை, அது குழியோட அடித்தளத்துல நட்டநடுவுல வந்து சேரணும். நான் முதமுதலா வாங்குனது ஒரு சிங்கமுகம், பிடரி முடி ஒவ்வொண்ணும் தனியா தெரியும், வீட்டுல வந்தவங்க எல்லாம் கைல எடுத்து பாத்தாங்க, ஆனா துளை அடியில இருந்து அரை சென்டிமீட்டர் மேல வந்து நின்னுது, ஒவ்வொரு தடவையும் அடியில கொஞ்சம் புகையிலை எரியாம ஈரமாவே கிடந்து ரெண்டே மாசத்துல புளிச்ச நாத்தம், அந்த சிங்கம் இப்ப பேனா ஸ்டாண்டு பக்கத்துல உக்காந்திருக்கு. கைக்கு வந்ததும் ஒரு பைப் கிளீனரை (பஞ்சு சுத்தின மெல்லிய வளையற கம்பி) வாய்ப்பக்கமா விட்டுப் பாருங்க, கழட்டாமலே கிண்ணம் வரைக்கும் தடங்காம போகணும். பாதில முட்டுச்சுன்னா வாய்க்குழல்ல இருக்குற துளையும் மரத்துல இருக்குற துளையும் நேர்கோட்டுல இல்லன்னு அர்த்தம், உடனே ரிட்டர்ன் போடுங்க.

கேள்வி: ப்ரோ, பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கறது நல்ல பாலிஷ்தானே?

பதில்: சந்தேகப்படுங்க. நல்ல பைப்புக்கு பெரும்பாலும் மெழுகுதான் தேய்ப்பாங்க. மலிவுல தடிமனா வார்னிஷ் அடிச்சுடறாங்க, சூடேறினா கொப்புளம் விடும், பெயின்ட் வாடை வேற. கருகருன்னு சாயம் ஏத்தியிருந்தா அடியில இருக்குற குறையை பட்டி (புட்டி) வெச்சு மூடியிருக்கலாம், மர ரேகை ஓடிட்டே வந்து திடீர்னு ஒரு புள்ளில மங்கி நின்னா அது பட்டி. பிரையர்ல குறையை மறைக்க மேல கொத்திவிடறது பெரிய பட்டறைகள்லயும் உண்டு, அது தப்பு இல்ல, மேலோட்டமான குறைன்னா புகைக்கு ஒண்ணும் ஆகாது.

கேள்வி: நம்ம நாட்டு ரோஸ்வுட் பைப் 400 ரூபாய்க்கு கிடைக்குதே?

பதில்: அதுல பலது சீசம் மரம், உத்தரப்பிரதேசத்துல சஹாரன்பூர் பக்கம் மர செதுக்கு வேலைக்கே பேர்போனது அது. கைவேலைல குத்தம் சொல்ல முடியாது. ஆனா சீசமும் ஈட்டியும் (ரோஸ்வுட் மரம்) ஒரே குடும்பம், சூடானா மரத்தோட வாசனை புகையில ஏறும், சிலருக்கு அந்த மரத்தூளே அலர்ஜி. உள்ள பித்தளைக் கிண்ணம் வெச்சு வர்றதும் உண்டு, அது இன்னும் மோசம், கை சுடும்.

கேள்வி: குழிக்குள்ள கறுப்பா பூசியிருக்கு, துடைக்கணுமா?

பதில்: பளபளப்பு இல்லாம கரித்தூள் மாதிரி இருந்தா இருக்கட்டும், முதல் சூட்டுக்கு அது காப்பு. பளபளன்னு பெயின்ட் மாதிரி இருந்தா உப்புத்தாளால சுரண்டிடுங்க.

கேள்வி: சும்மா பழகிப் பாக்க எது வாங்கலாம்?

பதில்: பழகவே வேணாம்னுதான் சொல்வேன். கேக்க மாட்டீங்கன்னா மக்காச்சோளக் கதிர்த் தக்கைல செஞ்ச பைப். அமெரிக்காவுல மிசூரி மீர்ஷாம்னு ஒரு கம்பெனி 1869ல இருந்து அதைத்தான் செய்யுது. பாக்க ஒண்ணும் இருக்காது, காத்து ஒழுங்கா ஓடும்.

கேள்வி: அண்ணா, மாமனார் புகைக்கிறது இல்ல, ஷோகேஸ்ல வெக்க ஒரு டிராகன் பைப் வாங்கித் தரலாம்னு இருக்கேன்.

பதில்: அப்ப மேல சொன்னதையெல்லாம் மறந்துட்டு டிராகனையே பாருங்க. ரெண்டு பக்கமும் அச்சு அசல் ஒண்ணு போலவே இருந்து, செதில் மேல நேர்நேரா மெல்லிய கோடு ஓடுச்சுன்னா மெஷின் வேலை. ஒரு கண்ணு லேசா பெருசா இருந்தா கைவேலையா இருக்கலாம், அதை வாங்குங்க, மாமனாரும் அதைத்தான் முதல்ல கண்டுபிடிப்பாரு.