பீரங்கிப்படை வீரரின் பதக்கமும் வாளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பரங்கிமலையில் வாழ்ந்த என் தாய்வழிக் கொள்ளுத்தாத்தா பிரிட்டிஷ் பீரங்கிப்படையில் பணியாற்றியவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளிப் பதக்கமும், உறையில்லாத ஒரு வாளும் கிடைத்தன. பதக்கத்தில் ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையும், மறுபுறம் குதிரைவீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும் உள்ளன. விளிம்பில் ஓர் எண், கன்னர் (பீரங்கி வீரர்) என்பதன் சுருக்கம், அவர் பெயர், ஆர்.ஜி.ஏ. ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. அவர் எங்கே போரிட்டார் என்று கண்டறிய முடியுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உங்களிடம் இருப்பது முதல் உலகப் போருக்காக வழங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். ஆர்.ஜி.ஏ. என்பது ராயல் கேரிசன் ஆர்ட்டிலரி. கோட்டைப் பீரங்கிகளையும் கனரகப் பீரங்கிகளையும் இயக்கிய இப்பிரிவு 1899இல் தனியாகப் பிரிக்கப்பட்டு 1924இல் மீண்டும் இணைக்கப்பட்டது. எண்ணையும் பிரிவின் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 1920க்கு முன் படைப்பிரிவுகள் தனித்தனியாக எண் வழங்கியதால், ஒரே எண் பலருக்கு இருந்திருக்கும்.

வீரர்களின் பணி ஆவணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை 1940 செப்டம்பரில் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோயின. ஆனால் பதக்கம் பெற்றோரின் அட்டைகளும் பட்டியல்களும் தப்பிவிட்டன. அட்டைகளின் நகல்களும் பட்டியல்களும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அட்டைகளை இணையத்திலேயே தேடலாம். அவருக்கு எந்தெந்தப் பதக்கங்கள் உரியவை என்பதை அட்டை சொல்லும். சில அட்டைகளில் முதலில் சென்ற போர்முனையும் குறிக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்முனைக்குச் சென்றவர்களுக்கு இந்த வெள்ளிப் பதக்கத்துடன் வானவில் நிற நாடா கொண்ட வெண்கல வெற்றிப் பதக்கமும் கிடைத்தது. தாய்நாட்டை விட்டு வந்து இந்தியா போன்ற இடங்களில் காவல் பணியில் மட்டும் இருந்தவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் மட்டுமே உரியது. ஆகவே அட்டையிலும் அந்த ஒன்றுதான் இருக்குமானால், அவர் போர்க்காலம் முழுவதும் போர்முனை காணாமல் கோட்டைக் காவலில் இருந்தவர் என்று கொள்ளலாம். அதுவும் படைப்பணிதான், குடும்ப வரலாற்றில் அதை அப்படியே எழுதுங்கள்.

வாளைப் பொறுத்தவரை அவசரப்பட வேண்டாம். கைப்பிடிக் காப்பில் மூன்று வளைகம்பிகளும், சற்றே வளைந்த அலகும் இருந்தால், அது பீரங்கிப்படை அதிகாரிகள் அணிந்த, 1820களில் வந்த மாதிரி வாளாக இருக்கலாம். அதிகாரிகள் தம் வாளைச் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள். கன்னர் என்பவரோ சாதாரணச் சிப்பாய். ஒரே பெட்டியில் இருந்தன என்பதற்காக இரண்டையும் ஒருவருக்கே உரியவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அலகில் வாள் தயாரிப்பு நிறுவனமான வில்கின்சனின் பெயர் இருந்தால், கைப்பிடியை ஒட்டி அலகின் முதுகுப்புறத்தில் ஓர் எண்ணைத் தேடுங்கள். 1854 முதல் அந்நிறுவனம் பராமரித்த விற்பனைப் பேரேடுகளில் அந்த எண்ணுக்கு நேரே தேதியும், பல நேரங்களில் வாங்கியவர் பெயரும் இருக்கும்.

தயவுசெய்து பதக்கத்தை விபூதியோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள், வாளில் உப்புத்தாளைப் படவிடாதீர்கள். விளிம்பெழுத்து மழுங்கினால் ஆள் அடையாளமே போய்விடும்.

கேள்வி: சிங்கம் ஒரு புலியை வீழ்த்தும் உருவம் கொண்ட, ஈயம் போன்ற வட்டப் பதக்கம் எங்கள் வீட்டில் உள்ளது. பெயர் எதுவும் இல்லை. முன்னோர் ஒருவர் சென்னைப் பீரங்கிப்படையில் லஸ்கராக (பீரங்கிகளை இழுக்கவும் இயக்கவும் உதவிய பணியாளராக) இருந்தார் என்பார்கள்.
– வாசகர், வேலூர்

பதில்: 1799 மே 4இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய பதக்கத்தின் உருவம் அது. பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில் அச்சிடப்பட்ட இப்பதக்கம் 1808இல் வழங்கப்பட்டது. பதவிக்கேற்பத் தங்கம், தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, சிப்பாய்களுக்கு வெள்ளீயம் கிடைத்தது. பெயர் பொறிக்காமல் கொடுத்ததால், பதக்கத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. குடும்பத்தில் வழங்கும் பெயரையும் ஊரையும் இப்போதே பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பழைய ராணுவத் துறைப் பதிவுகளில் தேட அவை தேவைப்படும்.

நகல்கள் ஏராளமாகப் புழங்குவதால் முதலில் பதக்கத்தைச் சோதியுங்கள். சோஹோ அச்சின் விட்டம் 48 மில்லிமீட்டர். மறுபுறத்தில் கோட்டைத் தாக்குதலுக்கு மேலே, நண்பகல் கடந்த அந்த நேரத்தைக் குறிக்கும் உச்சிச் சூரியன் தெளிவாகத் தெரிய வேண்டும். வெள்ளீயம் காரீயத்தைவிட எடை குறைந்தது; கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனத்தாலோ, விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடினாலோ, அது பின்னாளில் வார்த்த நகல்.